கடைக்காரரின் எடையும் எழுதாத கணக்கும்



நம் கடையில் எடை போடாத பொருள் கிடையாது. மூட்டை வந்து இறங்கியதும் பெரிய தராசில் ஏற்றி, சாக்கு எடையைக் கழித்து, சிட்டையோடு சரிபார்த்த பிறகுதான் வண்டிக்காரரை அனுப்புகிறோம். 50 கிலோ மூட்டையில் 300 கிராம் குறைந்தால் உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போகிறது. அதே தராசில் நாம் ஏறி நின்று எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை.

இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தராசில் ஏறுங்கள். பிறகு ஒரு தையல் டேப்பை எடுத்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். கள்ள அளவு நமக்கு ஆகாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வயிற்றுப் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவாக, 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர் 68 கிலோவைத் தாண்டினால் உடல் பருமன் உள்ளவர் என்பது நம் நாட்டுக் கணக்கு.

எடையைக் குறைப்பது அழகுக்காக என்று யாராவது நினைத்தால் அவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நமக்கு மாதச் சம்பளம் இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. கடைக்காரர் ஒரு மாதம் படுத்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். போன வாடிக்கை எல்லாம் திரும்பி வராது. காலில் புண் ஆறாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்த்தவரை, டயாலிசிஸ் நாட்களில் பிள்ளையின் கையில் கல்லாச் சாவியைக் கொடுத்தவரை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். காலை ஐந்தரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குக் கடை சாத்தியவர்கள்.

புதுவைக்குக் கிடைத்த முதலிடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தின. 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகச் சென்று, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2023 ஜூன் மாதம் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் வெளிவந்தன.

அதில் சர்க்கரை வியாதிக் கணக்கில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம். நம் புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் இரண்டாம் இடம். அகில இந்திய அளவு 11.4 சதவீதம்தான். உடல் பருமனில் நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை: 53.3 சதவீதத்துடன் நாட்டிலேயே முதலிடம். வயிற்றுப் பருமனிலும் 61.2 சதவீதத்துடன் நாமே முதல். அதாவது நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை. இரண்டு பேரில் ஒருவருக்கு எடை அதிகம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டை தூக்கியவரின் சாப்பாடு

நம் அப்பாக்களும் தாத்தாக்களும் இதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்களே, அவர்களுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியை எந்தக் கூட்டத்திலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் கணக்கிலேயே இருக்கிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், யாருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி தேவை என்று 2020இல் புதிய அளவுகளை வெளியிட்டது. 65 கிலோ எடையுள்ள ஆண் கடுமையான உடலுழைப்பு செய்பவராக இருந்தால் 3,470 கலோரி. அதே ஆண் உட்கார்ந்த வேலை செய்தால் 2,110 கலோரி போதும். 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்தால் 1,660. அந்தக் காலத்தில் அப்பா மூட்டையை முதுகில் ஏற்றி உள்ளே அடுக்கினார், சைக்கிளில் சரக்கு கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கும் உழவர்கரைக்கும் மிதித்தார். நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். சரக்கு வேனில் வருகிறது, பையன் இறக்கி வைக்கிறான், பணம்கூடப் போனில் வந்து விழுகிறது. ஆனால் சாப்பாட்டுத் தட்டு மட்டும் அப்பா காலத்து அளவிலேயே இருக்கிறது. அதோடு அப்பா காலத்தில் இல்லாத மிக்சரும் பரோட்டாவும் சேர்ந்துகொண்டன.

நாங்கள் ஐந்து கடைக்காரர்கள் ஒரு மாதம் ஆளுக்கொரு நோட்டுப் போட்டு, வாயில் போட்டதை எல்லாம் எழுதினோம். ஐந்து நோட்டையும் சேர்த்து ஒரு சராசரி நாளைத் தோராயமாகக் கணக்கிட்டால் இப்படி வந்தது. சர்க்கரை போட்ட டீ ஐந்து, 400 கலோரி. காலை இட்லி, வடை, சட்னி, சாம்பார் 500. கடைக்குள் அவ்வப்போது கொறித்தது 200. மதியம் 200 கிராம் அரிசிச் சோறு, குழம்பு, பொரியல், அப்பளம், மோர் 950. மாலை பஜ்ஜி இரண்டு 200. இரவு பரோட்டாவோ தோசையோ 650. கூட்டினால் 2,900.

உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு உள்ள தேவையைவிட இது ஏறக்குறைய 800 கலோரி அதிகம். கனத்த உடம்பு சும்மா இருந்தாலும் சற்று அதிகம் செலவழிக்கும் என்பதால் இந்த 800உம் அப்படியே கொழுப்பாவதில்லை. ஆனாலும் மீதி எங்கே இருப்பில் சேர்கிறது என்பதைக் காட்ட இடுப்பு வேட்டியே போதும்.

எடுப்புக் கணக்கு

நோட்டு எழுதியதில் எங்களுக்கு மிகவும் உறைத்தது 200 கலோரி என்று நிற்கும் அந்தக் கொறித்தல்தான். முதல் வாரம் அந்த இடத்தை எல்லோருமே காலியாக விட்டிருந்தோம். ஒன்றும் சாப்பிடவில்லை என்றே உண்மையாக நம்பினோம். இரண்டாவது வாரம் கடைப் பையனை எழுதச் சொன்னோம். அவன் எழுதியதைப் படித்து வெட்கப்பட்டோம்.

பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்து வாடிக்கையாளருக்கு எடை போடும்போது ஒரு கை. புதிதாக வந்த முந்திரி மூட்டையைப் பிரித்து "சரக்கு எப்படி" என்று பார்க்க நான்கு பருப்பு. மிக்சர் பாக்கெட் ஒன்று ஓரம் கிழிந்திருந்தால் அதை விற்க முடியாது, எறியவும் மனமில்லை. பேரீச்சம்பழம், வெல்லத் துண்டு, பிஸ்கட் உடைசல். மிக்சரும் முந்திரியும் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். ஒரு கை என்பது 30 கிராம் என்றால் 150 கலோரிக்கு மேல் உள்ளே போய்விட்டது. இது எந்தச் சாப்பாட்டு வேளையிலும் சேராது.

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும்: உரிமையாளர் கடையிலிருந்து சொந்தத்துக்கு எடுக்கும் பணத்தையும் சரக்கையும் எடுப்பு என்று தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வருடக் கடைசியில் இருப்பு உதைக்கும்; லாபம் எங்கே போயிற்று என்று தலையைச் சொறிய வேண்டும். வாய்க்கு எடுத்ததும் எடுப்புதான். அதை எழுதாததால் இருப்பு வேறோர் இடத்தில் கூடிக்கொண்டு போகிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. காலையில் கடை திறந்ததும் 25 கிராம் வறுத்த வேர்க்கடலையோ அவித்த சுண்டலோ எடை போட்டு ஒரு கிண்ணத்தில் கல்லா ஓரம் வைத்துக்கொள்வது. அன்றைய கொறித்தல் அவ்வளவுதான். டப்பாவில் கை போகாது. சரக்கைச் சுவைத்துப் பார்த்தே தீர வேண்டிய மொத்த வியாபாரிகள் இரண்டு பருப்போடு நிறுத்தட்டும். நான்காவது பருப்பில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

டீக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், 10 கிராம் சர்க்கரை. ஐந்து டீக்கு 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ, வருடத்துக்கு 18 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன நல்ல அளவு, இனிப்பு, பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 25 கிராம்தான். வந்தவருக்கு டீ சொல்வது நம் தொழில் மரியாதை. அதை விடச் சொல்லவில்லை. டீக்கடைப் பையனிடம் "அரைச் சர்க்கரை" என்று ஒரு வாரம் சொன்னால் எட்டாவது நாள் அவனே அப்படிக் கொண்டுவருகிறான். பத்து நாளில் நாக்கும் பழகிவிடுகிறது. பழகிய பிறகு பழைய டீயைக் குடித்தால் பாயசம் போல் இருக்கிறது.

மாதச் சாமான் பட்டியல்

உணவு ஆலோசனைகள் நமக்குப் பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அவை கிராமிலும் ஸ்பூனிலும் சொல்லப்படுகின்றன. நாம் நினைப்பது கிலோவிலும் லிட்டரிலும் மாதத்திலும். ஆகவே நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அவற்றை மாதச் சாமான் பட்டியலாக மாற்றிப் பார்த்தோம்.

உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். மாதம் இரண்டு பாக்கெட் எடுத்துப் போகும் நான்கு பேர் வீட்டை உங்கள் கடன் நோட்டிலேயே பார்க்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் பாக்கெட்டில் உள்ள உப்பு இதற்கு மேல் வருவது.

சர்க்கரை, மேலே சொன்ன 25 கிராம் கணக்கில், நான்கு பேருக்கு 3 கிலோ. வெளியில் குடிக்கும் டீ, பேக்கரி கேக், விசேஷ வீட்டு லட்டு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால், வீட்டுக்குப் போக வேண்டியது 2 கிலோவுக்குள்.

எண்ணெயில்தான் கணக்கு பெரிதாக உதைக்கிறது. 5 லிட்டர் டின் ஒரு மாதத்தில் காலியானால் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல். அது மட்டும் 340 கலோரி. 3 லிட்டரில் முடித்தால் 205 கலோரி. சமையலில் வேறு எதையும் மாற்றாமல் ஆளுக்கு 135 கலோரி இங்கேயே குறைகிறது. மளிகைக் கடைக்காரர் வீட்டில் எண்ணெய் ஏன் அதிகம் செலவாகிறது என்று யோசித்தோம். பிற வீடுகளில் மாசக் கடைசியில் டின்னைச் சாய்த்துப் பிடிப்பார்கள். நம் வீட்டில் தீர்ந்ததும் கடையிலிருந்து அடுத்தது போய்விடும். தட்டுப்பாடே இல்லாத சமையலறை நம்முடையது. அதனால் எங்களில் இருவர், மாதம் முதல் தேதி வீட்டுச் சாமானையும் வாடிக்கையாளருக்குப் போடுவது போலவே பில் போட்டு அனுப்புகிறோம். நடுவில் கேட்டால் அதையும் எழுதுகிறோம். முதல் மாதம் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் எண்ணெய் 4 லிட்டருக்கு வந்தது.

ஒரு சிறு செய்தி: வனஸ்பதியிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். அது இதயத்துக்குப் பெரிய நன்மை. ஆனால் கலோரி அதனால் குறையவில்லை. செக்கு எண்ணெயானாலும் ரீபைண்ட் எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். நல்ல எண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றக் கூடாது.

சோறு

சோற்றைப் பற்றிப் பேசினால்தான் சண்டை வரும். சோறு நமக்குச் சாப்பாட்டின் இன்னொரு பெயர். அதை விடச் சொல்லும் ஆலோசனை ஒரு வாரம் தாங்காது. நாங்களும் முயன்று தோற்றோம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு பங்கு சாப்பிட்டதுதான் மிச்சம்.

முன்பு சொன்ன அதே ஆய்வின் அடுத்த பகுதி 2025இல் நேச்சர் மெடிசின் என்ற இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அதைவிட நமக்கு முக்கியமான செய்தி, மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை என்பது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, 5 சதவீதக் கலோரி அளவுக்கு, பருப்பு வகையோ பால் பொருளோ தரும் புரதத்துக்கு மாற்றியபோது சர்க்கரை வியாதி ஆபத்து குறைவாக இருந்தது.

எனவே நாங்கள் அரிசியைக் குறைத்தது 200 கிராமிலிருந்து 130 கிராமுக்கு. ஆழாக்குக் கணக்கு வேண்டாம், ஆழாக்குக்கு ஆழாக்கு மாறும். சின்னத் தராசில் போட்டு உலையில் இடுங்கள். அந்த 70 கிராமில் 245 கலோரி போயிற்று. அதற்குப் பதில் 30 கிராம் பயறு, சுமார் 100 கலோரி. பச்சைப்பயறு, கொள்ளு, காராமணி, கொண்டைக்கடலை எல்லாம் 100 கிராமுக்கு 22 கிராமை ஒட்டிய புரதம் உள்ள சரக்கு. நம் கடையிலேயே சாக்கு சாக்காக இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் படையலுக்கும் நவராத்திரிக்கும் மட்டும் சுண்டல் என்று யார் வைத்தார்கள்? தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு என்று கண்ணளவில் வைத்துக்கொண்டால் தராசுகூட வேண்டாம். குபேர் மார்க்கெட்டில் மத்தி, நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாளில் குழம்பாக வைத்தால் புரதமும் ஆயிற்று, எண்ணெயும் மிச்சம். வறுவலாகப் போட்டால் அந்தக் கணக்கு வேறு.

நம் ஊருக்கே உரிய பிரெஞ்சு ரொட்டியைச் சிலர் சோற்றுக்கு மாற்றாக நினைக்கிறார்கள். மொறுமொறுப்பு அதிகம், உள்ளே இருப்பது மைதாதான்.

மதியத் தூக்கமும் இரவுச் சாப்பாடும்

மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும் வழக்கம் நம் ஊரில் பல கடைகளில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வந்தது என்பார்கள். சென்னை வியாபாரிகள் இதைக் கேலி செய்வார்கள். எங்களுக்கு இது பெரிய வரம் என்றே தோன்றுகிறது. வேறு எந்த ஊர்க் கடைக்காரருக்கு வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட மூன்று மணி நேரம் கிடைக்கிறது?

வரத்தை வீணாக்குவது நாம்தான். இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் பாயில் சாய்ந்து, மூன்றரைக்குத் தலை கனத்து எழுந்து, அந்தக் கனம் தீர டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிறோம். சாப்பிட்டபின் 10 அல்லது 15 நிமிடம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வெயிலில் போக வேண்டியதில்லை. கூடத்திலும் தாழ்வாரத்திலும் நடந்தாலே போதும். பிறகு அரை மணி நேரம் படுக்கலாம்.

இரவில்தான் நமக்கு உண்மையான சிக்கல். பத்து மணிக்குக் கடை சாத்துவதால் பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினோரு மணிக்குத் தூங்குகிறோம். ஏழு மணிக்கே பசிக்கிறது. அப்போது டீயும் மிக்சரும். பத்தரைக்குப் பசி வெறியாகிறது, அப்போது பரோட்டா. ஒரு பரோட்டா 250 கலோரிக்குக் குறையாது, சால்னா தனி. எங்களில் மூவர் இதை மாற்றியது ஒரு டிபன் கேரியரால். எட்டு மணிக்கு வீட்டிலிருந்து இட்லியோ சப்பாத்தியோ, கூடவே கூட்டும் கடைக்கு வருகிறது. பையன் பத்து நிமிடம் கல்லாவைப் பார்க்கிறான், உள்ளே போய்ச் சாப்பிட்டு வருகிறோம். வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் அது என்று ஆட்சேபம் வந்தது. தினமும் அந்த நேரத்தில் வெளியே நின்று போன் பேசுவதற்குக் கிடைக்கிற பத்து நிமிடம் சாப்பாட்டுக்குக் கிடைக்காதா?

கடை சாத்திய பிறகு கடற்கரைச் சாலையில் வண்டித் தொல்லை இல்லை. மாலை முதல் மறுநாள் காலை வரை அங்கே வண்டிகளுக்குத் தடை உண்டு. காந்தி சிலையைச் சுற்றி ஒரு நடை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் எழ முடிந்தவர்கள் கடை திறக்குமுன் போகட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் மது எளிதாகக் கிடைக்கிறது. கடை சாத்தியதும் அசதி தீரக் குவாட்டர் என்று பழகியவர்கள் நம்மில் உண்டு. 180 மில்லியில் சாராயச் சத்து மட்டுமே 400 கலோரிக்கு மேல். தொட்டுக்கொள்ளும் வறுவல் அதற்கு மேல். பகலெல்லாம் சோற்றைக் குறைத்துச் சேமித்ததை அந்த ஒரு மணி நேரம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறது.

தராசு அசையாதபோது

டீ, கொறித்தல், சோறு, எண்ணெய் ஆகிய நான்கிலும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கலோரிக்கு மேல் குறைத்தோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. காகிதக் கணக்கில் மாதம் ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும். உடம்பு காகிதம் அல்ல; வரவு குறைந்தால் அதுவும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நான்கு மாதத்தில் எங்களில் நால்வருக்கு 2 முதல் 5 கிலோ வரை குறைந்தது. ஒருவருக்கு ஒன்றும் குறையவில்லை.

அவருக்கு நாங்கள் சொன்னது சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உணவையும் நடையையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டில், வழக்கப்படி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு காட்டாத லாபமும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நண்பர் இப்போதும் நோட்டு எழுதுகிறார்.

வாடிக்கையாளர் கேட்கும்போது

"அண்ணே, அவருக்குச் சுகர் இருக்கு, நாட்டுச் சர்க்கரை போட்டுக்கலாமா?" என்று தினம் ஒருவராவது கேட்கிறார்கள். போட்டுக்கலாம் என்று சொன்னால் அரைக் கிலோ விற்கும். ஆனால் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பனங்கற்கண்டும் ரத்தத்தில் போய்ச் செய்யும் வேலை ஒன்றுதான். கலோரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "ருசிக்கு வாங்குங்கம்மா, மருந்துன்னு வாங்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தோம். அந்த அம்மா நாட்டுச் சர்க்கரையை வைத்துவிட்டுப் பயறு வாங்கிப் போனார்கள், அடுத்த மாதமும் நம்மிடமே வந்தார்கள்.

சிறுதானியத்துக்கும் இதே பேச்சுத்தான். கேழ்வரகு, கம்பு, தினை நல்ல சரக்கு. நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல். விற்கலாம், வீட்டில் சமைக்கலாம். ஆனால் 100 கிராம் கம்பிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றே. தினை என்பதற்காக இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடக் கூடாது.

ஊட்டச்சத்து பானம் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாவுகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நம் அலமாரிக்கு அந்த உத்தரவு வரவில்லை. டப்பாவின் பின்பக்கம் 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று எழுதியிருப்பதை ஒரு முறை நாமே படித்துவிட்டு, எந்தத் தட்டில் அடுக்குவது என்று தீர்மானிக்கலாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சாப்பாட்டைப் பாதியாக்கிவிடக் கூடாது. மருந்து பழைய அளவிலும் சோறு புதிய அளவிலும் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் மீனையும் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்.

இதுவரை பரிசோதனையே செய்யாதவர்கள் வெறும் வயிற்றில் ஒரு சோதனை செய்துகொள்ளட்டும். 100க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. உணவு மாற்றத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது இந்த நிலையில்தான். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஜிப்மருக்குப் போய் வரிசையில் நிற்க நேரமில்லை என்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். கடையில் வேலை செய்யும் பையன்களையும், மதியம் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்களையும் கூடவே அழைத்துப் போங்கள். மிச்சச் சோற்றை வீணாக்கக் கூடாது என்று கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் அவர்கள்தான்.

சென்ற கூட்டத்தில் பரீட்சார்த்தமாக டீயில் சர்க்கரை கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தோம். மிக்சர் பொட்டலங்களோடு ஒரு பாத்திரம் காராமணிச் சுண்டலும் வைத்தோம். வாசலில் பெரிய தராசு. முதலில் யாரும் ஏறவில்லை. பிறகு ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு எல்லோரும் ஏறினார்கள். சுண்டல் பாத்திரம் முதலில் காலியானது. மிக்சர் ஏழு பொட்டலம் மீந்தது. அதை யார் எடுத்துப் போனார்கள் என்று எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை.